அடுத்த அழைப்புக்காக வீசுகிறவர்கள்: தீவக ஊர்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், சுவிஸ், ஜேர்மனி, நோர்வே என்று பரந்திருக்கும் தீவக ஊர்ச் சங்கங்களின் தலைவர், செயலாளர், பொருளாளர், அங்கத்தவர் அனைவருக்கும்,



வேலணை, ஊர்காவற்துறை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு, மண்டைதீவு, காரைநகர் என்று உங்கள் சங்கத்தின் பெயர்ப்பலகையில் எந்த ஊர் இருந்தாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். பேஸ்போல்காரர் சிலரைப் பற்றியும் எங்கள் யாழ்ப்பாணத்துப் பந்துவீச்சாளர் ஒருவரைப் பற்றியும் கதைக்கப் போகிறேன். கடைசியில் காசும் கேட்கப் போகிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

2025 ஒக்டோபர் 27 இரவு ரொறன்ரோவில் உங்களில் கனபேர் நித்திரை கொள்ளவில்லை. பேஸ்போல் உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம், லொஸ் ஏஞ்சலிஸில் டொட்ஜர்ஸும் உங்கள் புளூ ஜேய்ஸும். ஒன்பது இன்னிங்ஸில் முடியவேண்டிய ஆட்டம் பதினெட்டு வரை இழுபட்டது. உங்களுக்கு விடியப்புறம் மூன்று மணி ஆகப்போகிற நேரம் ஃபிரெடி ஃபிரீமன் அடித்த பந்து வேலிக்கு வெளியே விழ, 6க்கு 5 என்று டொட்ஜர்ஸ் வென்றது. இங்கே எங்களுக்கு அப்போது மத்தியானம். அந்த மாதம் முழுக்க நீலத்தொப்பி போட்ட பேரப்பிள்ளைகளின் படங்கள் வட்ஸ்அப்பில் வந்தபடி இருந்தன. பேஸ்போலுக்கு எத்தனை பேர் வேண்டும் என்று தெரியாத ஆச்சிமார்கூட "பேரன்ர ரீம் தோத்திட்டுதாம்" என்று வருத்தப்பட்டார்கள்.

அடுத்த நாள் எல்லாரும் டொட்ஜர்ஸின் ஒட்டானியைப் பற்றியே கதைத்தார்கள். ஒரே ஆட்டத்தில் ஒன்பது தடவை தளமேறியவரைப் பற்றிக் கதைக்காமல் என்ன செய்வது? ஆனால் அன்றிரவு ரொறன்ரோவை அவ்வளவு நேரம் உயிரோடு வைத்திருந்தவர்களில் ஒருவர் எரிக் லவர் என்ற இடதுகை எறிவாளர். மேலதிக இன்னிங்ஸில் வந்து, நாலு இன்னிங்ஸும் இன்னொன்றின் மூன்றில் இரண்டு பங்கும் எறிந்து, ஒரு ஓட்டமும் கொடுக்காமல் போனார். அவர் வெளியேறிய பிறகுதான் ஃபிரீமனின் அடி விழுந்தது.

இந்த லவர் எங்கிருந்து வந்தார் என்று உங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். 2016இல் சான் டியேகோ அணி இவரை முதற்சுற்றிலேயே தெரிவு செய்தது. 2018இல் மேஜர் லீக்கில் இறங்கினார். அடுத்த வருடக் கடைசியில் மில்வோக்கிக்கு மாற்றினார்கள். அங்கே 2022இல் பதினொரு வெற்றி. மறுவருடம் தோள்பட்டை உபாதை, பந்தில் வேகமில்லை, அணியில் இடமில்லை. 2024இல் பிட்ஸ்பர்க் அணியின் கீழ்நிலைக் கழகத்தில் எறிந்தார், விட்டுவிட்டார்கள். ஹூஸ்டனின் கீழ்நிலைக் கழகத்துக்குப் போனார், மேலே கூப்பிடவில்லை. ஓகஸ்டில் பெட்டியைக் கட்டிக்கொண்டு தென்கொரியாவின் குவாங்ஜு நகரத்துக்குப் பறந்தார். அங்குள்ள கியா ரைகர்ஸ் அந்த ஒக்டோபரில் கொரியத் தொடரை வென்றது. மார்கழியில் ரொறன்ரோ அவருக்கு ஒரு ஒப்பந்தம் நீட்டியது, அதுவும் மைனர் லீக் ஒப்பந்தம். நயாகராவுக்குப் போகிற வழியில் எல்லையைத் தாண்டினால் வருகிற பஃபலோவில் இருந்து எறிந்துகொண்டிரு, தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம் என்பதுதான் அதன் பொருள். 2025 ஏப்ரல் கடைசியில் கூப்பிட்டார்கள். அந்தப் பருவம் ஒன்பது வெற்றி, இரண்டே தோல்வி.

முப்பது வயதில் எவ்வளவு அலைச்சல்! எங்கள் ஊரில் என்றால் 2024இலேயே தீர்ப்பு எழுதியிருப்போம். "அவன் முந்தி நல்லா விளையாடினவன், இப்ப ஒண்டுமில்லை" என்று சந்தியில் நின்று சொல்லியிருப்போம். மாமா ஒருவர் வந்து, "சரி தம்பி, விளையாடினது காணும், இனி ஏதும் வேலையைப் பார்" என்றிருப்பார். நானும் அப்படிச் சொல்லக்கூடிய வயதுக்காரன்தான்.

இப்படி அலைந்தவர்களில் பெரிய கை எட்வின் ஜாக்சன். 2003இல் தன் இருபதாவது பிறந்தநாளன்று டொட்ஜர்ஸுக்காக முதல் ஆட்டம் எறிந்து, ராண்டி ஜோன்சன் என்ற மலையை வென்றவர். அதன்பிறகு பதினேழு பருவங்கள், பதினான்கு அணிகள். 2011 யூலை 27ஆம் திகதி சிக்காகோ அணி இவரை ரொறன்ரோவுக்கு மாற்றியது. அதே நாளில் ரொறன்ரோ இவரை சென் லூயிஸுக்கு மாற்றியது. ரொறன்ரோச் சீருடையை அன்றைக்குத் தொடக்கூட இல்லை. அந்த வருடம் சென் லூயிஸ் உலகத் தொடரை வென்றது. எட்டு வருடம் கழித்து, 2019 மே மாதம், அவர் உண்மையாகவே ரொறன்ரோச் சீருடையைப் போட்டபோது அது பதினான்காவது அணி; அதற்கு முதல் எவரும் அத்தனை அணிக்கு ஆடியதில்லை. 2025இல்தான் ரிச் ஹில் என்பவர் நாற்பத்தைந்து வயதில் கன்சாஸ் சிற்றிக்கு எறிந்து அந்தக் கணக்கைத் தொட்டார்.

ஜாக்சனின் மொத்தக் கணக்கு 107 வெற்றி, 133 தோல்வி. வென்றதைவிடத் தோற்றது அதிகம். ஆனாலும் பதினேழு வருடம் யாரோ ஒருவர் தொலைபேசி எடுத்து "வா" என்றார்கள். 2010இல் ஒருநாள், ஒரு அடிகூட விடாமல் ஒரு முழு ஆட்டத்தையும் எறிந்து முடித்தார். அதற்கு 149 பந்து போனது, எட்டுப் பேரை நடந்தே தளமேற விட்டார். இவ்வளவு தாறுமாறான வெற்றியை வேறு எங்கே பார்ப்பது? எனக்கு இந்த மனிதரைப் பிடிப்பதே அதனால்தான்.

இனி எங்கள் ஆளுக்கு வருகிறேன்.

விஜயகாந்த் வியாஸ்காந்த். பிறந்தது 2001 மார்கழி, யாழ்ப்பாணம். யுத்தம் முடிந்தபோது ஏழு வயது. படித்தது யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி. 1904இல் தொடங்கிய வடக்கின் பெரும்போரில் சென் ஜோன்ஸுக்கு எதிராக ஆடுகிற அதே கல்லூரி. மணிக்கட்டால் சுழற்றுகிற வலக்கைப் பந்துவீச்சாளர். 2020 மார்கழியில் லங்கா பிரீமியர் லீக்கின் முதல் தொடர் அம்பாந்தோட்டையில் நடந்தபோது, ஜப்னா ஸ்டாலியன்ஸ் அணியில் அவரை இறக்கினார்கள். எடுத்த முதல் விக்கெட் அஞ்சலோ மத்தியூஸ். அன்று இங்கே வெடி கொளுத்தாத குறை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நாங்கள் சரியாகக் கவனிக்கவில்லை. 2023 தொடக்கத்தில் வங்காளதேசத்தில் சட்டோகிராம் அணிக்கு வீசினார். அந்த ஒக்டோபர் 4ஆம் திகதி சீனாவின் ஹாங்சோ நகரத்தில் ஆசிய விளையாட்டில் இலங்கைச் சீருடையில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக இறங்கினார். இந்தியாவில் உலகக்கிண்ணம் அடுத்த நாள் தொடங்க இருந்ததால் பெரிய ஆட்கள் எல்லாம் அங்கே நின்றார்கள். ஹாங்சோவுக்குப் போனது இரண்டாம் அணி. 2024 தொடக்கத்தில் அமீரகத்து ரி20 லீக்கில் எம்.ஐ. எமிரேற்ஸ், அந்த அணி அந்த வருடக் கிண்ணத்தை வென்றது. ஏப்ரலில் வனிந்து ஹசரங்கவுக்குக் குதிக்கால் உபாதை என்று சன்ரைசர்ஸ் ஹைதராபாத் இவரைக் கூப்பிட்டது. விலை ஐம்பது இலட்சம் இந்திய ரூபா, அடிப்படை விலை. காயப்பட்டவனின் இடத்துக்கு, கடைசி நேரத்தில், ஆகக் குறைந்த விலையில். லவருக்கு வந்த அழைப்பும் ஏறத்தாழ இப்படிப்பட்டதுதான்.

2024 மே 8, ஹைதராபாத். லக்னோவுக்கு எதிரான அந்த ஆட்டம் ஒரு காரணத்துக்காக எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்: ஹெட்டும் அபிஷேக் சர்மாவும் 166 என்ற இலக்கை விக்கெட் எதுவும் விழாமல் 9.4 ஓவரில் அடித்து முடித்தார்கள். அதற்கு முன்னால் நடந்த இருபது ஓவரை யார் பார்த்தார்கள்? வியாஸ்காந்த் நாலு ஓவர் வீசினார், 27 ஓட்டம் கொடுத்தார், விக்கெட் இல்லை. அதே இன்னிங்ஸில் அணித்தலைவர் பற் கமின்ஸின் நாலு ஓவருக்கு 47 ஓட்டம் போனது. ஐ.பி.எல். முதல் ஆட்டத்தில், தன்னைப் போல நாலு மடங்கு பெயருள்ளவர்கள் எதிரே நிற்க, ஓவருக்கு ஏழு ஓட்டம்கூடக் கொடுக்காத ஒரு இருபத்திரண்டு வயதுப் பெடியன். அடுத்து அந்த அணி விளையாடிய ஆட்டத்திலும் பெயர் இருந்தது.

அன்றிரவு ஊரில் நான் கேட்ட கதை வேறு. "விக்கெட் எடுக்கேல்லையாமே." பிறகு சில மாதம் கழித்து, "சிறிலங்கா ரீமில இல்லையாமே." அதோடு சரி.

எங்கள் அளவுகோல் முரளிதரன். 800 டெஸ்ட் விக்கெட்டை வைத்துக்கொண்டு எவனை அளந்தாலும் குள்ளமாகத்தான் தெரிவான். ஒன்றில் முரளி, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. இடையில் ஒரு தொழில் இருக்கிறது, அதில் ஒரு மனிதன் பதினைந்து வருடம் மரியாதையாகப் பிழைக்கலாம், ஊர் ஊராக, அணி அணியாகப் போய் வீசிச் சம்பாதித்து வீடு கட்டலாம், தங்கச்சியைக் கட்டிக்கொடுக்கலாம் என்று எங்களுக்கு விளங்குவதில்லை. கப்பலுக்குப் போன மனிதனை நாங்கள் ஒருபோதும் "கப்ரின் ஆகேல்லையே" என்று கேலி செய்ததில்லை. பந்தோடு போனவனை மட்டும் ஏன் கேலி செய்கிறோம்?

அமெரிக்காவில் அந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் என் கோரிக்கை அதிலிருந்துதான் வருகிறது. மேஜர் லீக்கில் முப்பது அணி. ஒவ்வொன்றுக்கும் கீழே நாலு படி. மொத்தம் 120 மைனர் லீக் அணி. அதற்கு வெளியே யாருக்கும் கட்டுப்படாத தனி லீக்குகள், அதற்கும் வெளியே மெக்சிக்கோ, யப்பான், கொரியா, தாய்வான். 2025இல் ரொறன்ரோவுக்காக உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் பன்னிரண்டு பேரை வெளியேற்றிய ட்ரே யெசவேஜ், அந்த வருடத்தின் தொடக்கத்தில் ஆகக் கீழ்ப்படியில் நின்றவர். ஒரே பருவத்தில் நாலு படியும் ஏறி மேலே வந்தார். லவர் எதிர்ப்பக்கம்: மேலிருந்து விழுந்தவர். விழுந்தபோது நிற்க ஒரு படி இருந்தது. மேலே போக மட்டுமல்ல, கீழே விழவும் ஏணி வேண்டும்.

அந்த ஏணி சொர்க்கமில்லை. 2022 வரைக்கும் அந்த நாலு படிக்கும் கீழே உள்ள புதுமுகர் நிலையில் வருடச் சம்பளம் ஐயாயிரம் டொலரைத் தொடாது. ஆக மேலே இருந்த ட்ரிபிள் ஏ நிலையில்கூட ஏறத்தாழ 17,500தான். ஆறு பேர் ஒரு அறையில் காற்றடைத்த மெத்தையில் படுத்தார்கள். 2022இல் அந்தப் பெடியள் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்கள்; 2023 ஒப்பந்தத்தில் புதுமுகர் நிலைச் சம்பளம் 19,800க்கும் மேல்படிச் சம்பளம் 35,800க்கும் ஏறியது. சங்கம் வைத்திருக்கிற உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

ஏணி இல்லாமல் ஒருவனைத் தூக்கிவிடலாம் என்று நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் கதை இருக்கிறது. 2008இல் இந்தியாவில் ஒரு தொலைக்காட்சிப் போட்டி வைத்து, வேகமாக எறிகிற கையைத் தேடினார்கள். உத்தரப் பிரதேசத்து ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்ற இரண்டு ஈட்டி எறிகிற பெடியள் அகப்பட்டார்கள். இரண்டு பேரும் அதுவரை பேஸ்போலைத் தொட்டதில்லை. அதே வருடம் பிட்ஸ்பர்க் ஒப்பந்தம் செய்தது. 2014இல் டிஸ்னி படமும் எடுத்தது, இசை ஏ.ஆர். ரஹ்மான். தினேஷ் 2010இல் வீட்டுக்கு வந்துவிட்டார். ரிங்கு சில வருடம் கீழ்ப்படிகளில் எறிந்தார், காயம் விடவில்லை, கடைசியில் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போனார். இரண்டு பேரிடமும் கை இருந்தது. பன்னிரண்டு வயதிலிருந்து ஏறி வந்திருக்க வேண்டிய படிகள் இருக்கவில்லை.

நாங்கள் இங்கே செய்வதும் போட்டிதான். நீங்கள் ஒவ்வொரு வருடமும் ஊருக்கு வரும்போது மென்பந்துச் சுற்றுப்போட்டி வைக்கிறீர்கள். அப்பாவின், அம்மாவின் நினைவுக் கிண்ணம், ஆட்டநாயகனுக்கு ஒரு கேடயம், ஒலிபெருக்கி, சோடா, பிற்பகல் பரிசளிப்பு. அதைக் குறைசொல்ல நான் வரவில்லை. 1990, 91இல் ஊரே வெறுமையாகிப் போன தீவுகளில் ஒரு மைதானத்தில் பெடியள் நிற்பதைப் பார்ப்பதே பெரிய விஷயம். ஊர்காவற்துறைப் பக்கத்து உதைபந்தாட்டக்காரர் இதை வாசித்து "எப்பவும் கிரிக்கெட்தான்" என்று முறைக்கக்கூடும். அவர்களுக்கும் இதே நியாயம் பொருந்தும்.

ஆனால் அந்த மைதானத்தில் நின்று ஒரு பதினைந்து வயதுப் பந்துவீச்சாளனைக் கிட்டப் பாருங்கள். கையில் இருப்பது ரெனிஸ் பந்து, அறுபது கிராமும் வராது. கடினப்பந்து 156இலிருந்து 163 கிராம். ரெனிஸ் பந்தில் தையல் மேலெழும்பி நிற்காது. விரல் பிடிக்க எதுவுமில்லை. மணிக்கட்டால் சுழற்றுகிறவன் கடினப்பந்தில் நடுவிரலையும் மோதிரவிரலையும் அந்தத் தையலில் வைத்து இழுக்கப் பழகவேண்டும். மோதிரவிரலின் பக்கம் தோல் உரிந்து, காய்ந்து, திரும்ப உரிந்து காய்ப்புப் பிடிக்கும்வரை பந்து சொன்ன இடத்தில் விழாது. அந்தக் காய்ப்பு மென்பந்தில் வராது. வேகமாக வீசுகிறவனுக்கு இன்னொரு வில்லங்கம்: பாரமில்லாத பந்தை வேகப்படுத்த முழங்கையை மடித்து விசுக்கப் பழகிவிடுவான். பிறகு கடினப்பந்து நடுவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினால், பத்து வருடப் பழக்கம் ஒரு பிற்பகலில் போய்விடும்.

அவன் ஒரே நாளில் எத்தனை ஓவர் வீசுகிறான் என்று எவராவது எண்ணுகிறீர்களா? காலையில் லீக் ஆட்டம், மத்தியானம் காலிறுதி, பின்னேரம் அரையிறுதி, இருட்டுப்பட முன் இறுதி ஆட்டம். கெட்டிக்காரன் என்றால் எல்லாவற்றிலும் அவனுக்கே பந்து. அமெரிக்காவில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை ஒரு நாளில் 95 பந்துக்கு மேல் எறியக்கூடாது என்று வழிகாட்டல் இருக்கிறது, அதற்குப் பிறகு நாள்கணக்கில் ஓய்வு. இங்கிலாந்திலும் அந்த வயது வேகப்பந்துவீச்சாளனுக்கு ஒரே தடவையில் இத்தனை ஓவர்தான் என்று வரம்பு உண்டு. 1974இல் ரொமி ஜோன் என்ற எறிவாளரின் முழங்கை நாரை மருத்துவர் ஃபிராங்க் ஜோப் மணிக்கட்டிலிருந்து எடுத்த தசைநாண் ஒன்றை வைத்துத் தைத்த நாளிலிருந்து, அந்த நாட்டுக்காரருக்குக் கை என்பது தேய்கிற சாமான் என்று தெரியும். எங்களிடம் முதுகு நோகுது என்று பெடியன் சொன்னால் சித்தாலேப பூசச் சொல்லுவோம்.

இனி தூரம். வேலணையோ புங்குடுதீவோ என்றால் பண்ணைப் பாலத்தால் பஸ்ஸில் பட்டணத்துக்குப் போய் வரலாம். நயினாதீவுப் பெடியன் முதலில் படகேறிக் குறிகட்டுவான் துறைக்கு வரவேண்டும், பிறகு பஸ். நெடுந்தீவுப் பெடியனுக்குக் கடலிலேயே ஒரு மணித்தியாலம். காற்றுக் காலத்தில் படகு ஓடுமோ ஓடாதோ என்று விடிந்த பிறகுதான் தெரியும். அனலைதீவு, எழுவைதீவுக்காரர் ஊர்காவற்துறை இறங்குதுறைக்கு வந்து ஏறவேண்டும். பட்டணத்தில் கடினப்பந்துப் பயிற்சி பள்ளிக்கூடம் முடிந்த பிறகு தொடங்கும். அது முடிகிற நேரம் தீவுக்குக் கடைசிப் படகு போய்விட்டிருக்கும். ஆகவே நெடுந்தீவில் எவ்வளவு கெட்டிக்காரன் இருந்தாலும், பட்டணத்தில் படுக்க ஒரு வீடு இல்லாவிட்டால் அவன் மென்பந்துக்காரனாகவே முப்பது வயதாகிவிடுவான். பிறகு உங்களிடம் வந்துவிடுவான், பிரான்ஸுக்கோ கனடாவுக்கோ.

2025 செப்ரெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டினார். கண்டலும் சதுப்பும் உள்ள இடத்தில் இது சரியா என்று கேட்டவர்களின் கேள்வி நியாயமானது. அதை வேறாகப் பேசவேண்டும். மைதானம் வந்தால் எங்கள் வாசலிலேயே வரும். ஆனால் யாழ்ப்பாணத்தின் பெயரைச் சுமந்த அணி 2020, 2021, 2022, 2024 என்று நாலு தடவை லங்கா பிரீமியர் லீக்கை வென்றது. அதில் ஒரு ஆட்டம்கூட யாழ்ப்பாணத்தில் நடக்கவில்லை, ஆடிய யாழ்ப்பாணத்துப் பெடியள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பெயர் எங்களுடையதாக இருந்தது போல மைதானமும் எங்களுடையதாக இருக்கும், உள்ளே ஆடுகிறவர்கள் வேறு ஊரவர்களாக இருப்பார்கள். பெரிய மைதானத்துக்கு அரசாங்கம் இருக்கிறது. கீழ்ப்படிக்கு யாரும் இல்லை. அங்கேதான் நீங்கள் வேண்டும்.

நான் கேட்பது புதுக் காசு இல்லை. ஒவ்வொரு சங்கமும் தனித்தனியே தன் ஊருக்கு ஒரு கிண்ணம் வைப்பதை மூன்று வருடம் நிறுத்திவிட்டு, எல்லாச் சங்கங்களும் அந்தக் காசை ஒரே இடத்தில் போடுங்கள். பொதுவாகச் சேர்ந்து செய்வது எங்கள் ஊர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன். பக்கத்துத் தீவுக்காரனின் பெயர்ப்பலகை எங்களுடையதைவிட ஒரு அங்குலம் பெரிதாக இருந்தாலே கூட்டம் குழம்பிவிடும். பலகையே வேண்டாம்.

அந்தக் காசில் முதலில் பட்டணத்தில் ஒரு வீடு. வாடகைக்குப் போதும். வெளித்தீவுகளிலிருந்து வருகிற பிள்ளைகள் கிழமைநாளில் தங்கிப் படிக்கவும் பயிற்சிக்குப் போகவும், சமைத்துக்கொடுக்க ஒரு அம்மாவும், பார்த்துக்கொள்ள ஒரு ஓய்வுபெற்ற வாத்தியாரும். பெண்பிள்ளைகளுக்கு வேறாக ஒன்று; அதைப் பிறகு பார்ப்போம் என்று சொல்லித் தள்ளிவைக்காதீர்கள். அடுத்தது வேலணையில் வலை கட்டிய கடினப்பந்துப் பயிற்சித் தளம் ஒன்றும், மாதச் சம்பளத்துக்கு ஒரு பயிற்றுநரும். சுற்றுப்போட்டிக் காலத்துக்கு மட்டும் வந்து படமெடுத்துப் போகிற பிரபலம் வேண்டாம். பதினான்கு வயதுப் பிள்ளையின் ஓவரைக் கொப்பியில் எழுதிவைத்து, "இண்டைக்குக் காணும், போய் இரு" என்று சொல்லக்கூடிய ஒருவர். காயப்பட்டால் ஸ்கான் எடுக்கவும் வைத்தியரிடம் காட்டவும் ஒரு சிறு தொகை ஒதுக்கிவையுங்கள். பெடியன் பதினெட்டுத் தாண்டினால் கொழும்புக் கழகங்களில் இரண்டு பருவம் முயன்றுபார்க்க அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும். அங்கே சம்பளமே இல்லாமல் விளையாடத் தொடங்கவேண்டி வரலாம். ஆங்கிலமும் கொஞ்சம் சிங்களமும் கற்றுக்கொடுங்கள். ஓய்வறையில் கதைக்கத் தெரியாதவனை எந்த அணியும் இரண்டாந்தரம் கூப்பிடாது. ஒப்பந்தத் தாளை வாசித்துப் பார்க்க உங்கள் பிள்ளைகளில் எத்தனை சட்டத்தரணிகள் இருக்கிறார்கள்! மாதம் ஒரு மணித்தியாலம் கொடுங்கள்.

இதிலிருந்து முரளி வருவான் என்று நான் சொல்லமாட்டேன். பத்து வருடத்தில் மூன்று பேர், நாலு பேர், டாக்காவிலும் சார்ஜாவிலும் கத்மண்டுவிலும் ஒரு பருவத்துக்கு ஒரு அணி என்று வீசிப் பிழைத்தால் போதும். இங்கிலாந்தில் கிராமத்துக் கழகங்கள் கோடைக்கு வெளிநாட்டுப் பந்துவீச்சாளரைச் சம்பளம் கொடுத்து எடுக்கின்றன. அதுவும் ஒரு படி. மற்றவர்கள் பயிற்றுநராக, நடுவராக, உடற்கல்வி ஆசிரியராக ஊருக்குத் திரும்பி வருவார்கள். அடுத்த பிள்ளைக்குத் தையலில் விரல் வைக்கச் சொல்லிக்கொடுக்க நெடுந்தீவிலேயே ஒரு ஆள் இருப்பார்.

இன்னுமொன்று, இதற்குக் காசு தேவையில்லை. எங்கள் பெடியன் ஒருவன் ஏதோ ஒரு நாட்டில் நாலு ஓவருக்கு 27 கொடுத்தான் என்று செய்தி வந்தால், "விக்கெட் இல்லையே" என்று வட்ஸ்அப்பில் எழுதாதீர்கள். அவன் வீட்டுக்கு ஒரு தொலைபேசி எடுங்கள்.

தைப்பொங்கலுக்குப் பிறகு உங்களில் பலர் பொதுக்கூட்டம் வைத்து வருடாந்தக் கணக்கைச் சமர்ப்பிப்பீர்கள். அந்த நிகழ்ச்சிநிரலில் "சுற்றுப்போட்டி" என்று இருக்கும் வரிக்குக் கீழே இந்த மடலை ஒரு விடயமாகப் போட்டு, வாக்கெடுத்து, முடிவு ஆம் என்றாலும் இல்லை என்றாலும் மற்றத் தீவுச் சங்கங்களுக்கு அறிவியுங்கள்.

இப்படிக்கு,
வேலணையிலிருந்து ஒரு பழைய பந்துவீச்சாளன்